மடித்து வைத்த சட்டை

வேலையில் இருந்தவரை ஊசி மேடம் எழுதியதெல்லாம் மேலதிகாரிகள் படிப்பதற்காக. எந்த மேலதிகாரியும் அதை ஆசைப்பட்டுப் படித்ததாகச் சரித்திரம் இல்லை. ‘மேற்படி நபர் மேற்படி இடத்தில்’ என்று ஆரம்பித்தாலே மேற்படி அதிகாரிக்குக் கொட்டாவி வந்துவிடும். அப்படிப்பட்டவர் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றபின் ஒரு வாரப் பத்திரிகையில் தான் விசாரித்த கொலைகளைப் பற்றித் தொடர் எழுதினார். அது புத்தகமாயிற்று. பேருந்து நிலையக் கடைகளில் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிற அளவுக்கு அந்தப் புத்தகம் போனது.

ஊசி என்பது ஸ்டேஷனில் வைத்த பெயர். ஆள் ஒல்லி, குரலும் மெல்லிசு. ஆனால் விசாரணை அறையில் உட்கார்ந்துவிட்டால் குத்த வேண்டிய இடத்தில் குத்தாமல் எழுந்திருக்க மாட்டார். கத்த மாட்டார், கை ஓங்க மாட்டார். “அப்புறம்?” என்பார். எதிரில் இருப்பவன் சொல்வான். சொல்லி முடித்ததும் “அதுக்கப்புறம்?” என்பார். இந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்கச் சம்பளம் வாங்கிவிட்டாள் என்று அவர் வீட்டுக்காரர் கேலி செய்வார். வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி எழுதியதையெல்லாம் முதலில் படிக்கிற உத்தியோகத்தைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டவர்.

ஊசி மேடத்திடம் வேலை கற்றுக்கொண்ட எல்லாருக்கும் ஒரு விதி மனப்பாடம். எந்தக் கொலையாக இருந்தாலும் அந்த இடத்தில் பார்த்த ஏதாவது ஒன்றைப் பூட்டி வைக்க வேண்டும். பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லக் கூடாது, சொந்தக்காரர்களுக்குச் சொல்லக் கூடாது, சக போலீஸ்காரனிடம்கூட டீக்கடையில் வைத்துப் பேசக் கூடாது. ஏனென்றால் ஒரு கொலை பெரிதாகச் செய்தியில் வந்துவிட்டால் போதும், நான்தான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். குடிகாரன் வருவான், புத்தி கலங்கியவன் வருவான், தன் படம் ஒருநாளாவது பத்திரிகையில் வரட்டும் என்று ஏங்குகிறவன் வருவான். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பத்திரிகையில் வந்தது மட்டும்தான். பூட்டி வைத்ததைச் சொல்லத் தெரிந்தவன்தான் உண்மையில் அங்கே இருந்தவன்.

சலவைக்கடைக் கொலையில் அவர் பூட்டி வைத்தது ஒரு சட்டை.

கடைத்தெரு முனையில் இருந்த அந்தச் சலவைக்கடையை ஓர் அண்ணனும் தங்கையும் நடத்தினார்கள். வயதான தாயார் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் முடக்குவாதத்தோடு படுத்திருந்தாள். அண்ணன் துணி துவைப்பார், வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். தங்கை தேய்ப்பாள். ஒருநாள் மத்தியானம் அண்ணன் துணி கொடுக்கப் போயிருந்த நேரத்தில் எவனோ உள்ளே வந்து, துணி உலர்த்துகிற கயிற்றால் அவள் கழுத்தை இறுக்கிக் கொன்றுவிட்டுப் போய்விட்டான். கல்லாவைத் தொடவில்லை. காதில் கிடந்த தோடு காதிலேயே இருந்தது. ஏன் கொன்றான் என்பதற்கு அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஊசி மேடம் போய்ப் பார்த்தபோது கடையில் ஊரில் உள்ள அத்தனை பேருடைய கைரேகையும் இருந்தது. கடை என்றால் அப்படித்தான். சுவரோரமாக நின்றிருந்த அண்ணன் அழவில்லை. துணி அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். “மேடம், அந்தச் சட்டை எங்க கை மடிச்சது இல்லை” என்றார்.

அந்தக் கடையில் சட்டையை மடித்தால் கைகள் இரண்டும் முதுகுப் பக்கம் போய்விடும். முன்னால் காலரும் பட்டனும் மட்டும் தெரியும். அடுக்கின் மேல்தட்டில் இருந்த நீலக்கோடு போட்ட சட்டைக்குக் கைகள் முன்பக்கமாக, ஒன்றின் மேல் ஒன்றாக, ஓர் ஆள் கை கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி மடிக்கப்பட்டிருந்தன. ஊசி மேடம் அதைக் கையுறை போட்டுப் பிரித்துப் பார்த்தார். காலரும் முதுகும் மொடமொடவென்று தங்கையின் கைவண்ணம். முன்பக்கம் மட்டும் சுருக்கம் சுருக்கமாக, பழக்கமில்லாத எவனோ தேய்த்தது. இஸ்திரிப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தது. அதாவது, அவள் பாதி தேய்த்த சட்டையை, அவள் கீழே கிடக்கும்போது, அவன் நின்று மீதி தேய்த்து, மடித்து, அடுக்கில் வைத்து, மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

சட்டையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இஸ்திரிச் சூட்டில் வெந்த துணி ஒன்றும் பேசவில்லை.

அன்று சாயங்காலமே அவர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க அம்மாகிட்டகூட. அவ கையில என்ன வேலை இருந்தது, அடுக்குல என்ன இருந்தது, எதுவும் வெளியே போகக் கூடாது. என்னைக்காவது ஒருத்தன் தானா வந்து இதைச் சொல்லுவான். அன்னைக்கு அவனை நான் விடமாட்டேன்.” அண்ணன் தலையாட்டினார்.

அந்த வருஷமே இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் வாயைத் திறந்தால் சாராய வாடை. இன்னொருவன் மனநல மருத்துவமனையிலிருந்து தப்பி வந்தவன். இருவரும் கயிற்றைச் சொன்னார்கள், கல்லாவைச் சொன்னார்கள். “அப்புறம்?” என்று கேட்டதற்கு ஓடிப்போனேன் என்றார்கள். சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார். பிறகு யாரும் வரவில்லை. வழக்கு ‘கண்டுபிடிக்க இயலாதது’ என்ற கட்டுக்குள் போய்த் தூங்கிற்று. ஊசி மேடமும் ஓய்வு பெற்றார். சலவைக்கடைக்குத் துணி போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. அண்ணன் ஒருநாளும் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டதில்லை. அதுதான் ஊசி மேடத்தை அதிகம் அறுத்தது.

புத்தகம் போடும்போது பதிப்பாளர், துப்புத் துலங்காத வழக்கு ஒன்றும் வேண்டும், வாசகர்களுக்கு அது ஊறுகாய் மாதிரி என்றார். ஊசி மேடம் அண்ணனிடம் போய் அனுமதி கேட்டார். எழுதுங்கள் மேடம், படித்துவிட்டு யாராவது வாயைத் திறந்தால் நல்லதுதானே என்றார் அவர். ஊசி மேடமும் அதை நம்பித்தான் எழுத உட்கார்ந்தார். சட்டையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதினார். பதிப்பாளர் படித்துவிட்டு, எல்லாம் இருக்கிறது, உயிர்தான் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

எதை வைத்தால் உயிர் வரும் என்பது ஊசி மேடத்துக்குத் தெரியும். ஒரு வாரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சமாதானங்களுக்கா பஞ்சம்? வழக்கு செத்துவிட்டது, இனிமேல் எவன் வரப்போகிறான் என்று ஒன்று. எந்த வீட்டிலாவது ஒருத்தி, தன் புருஷன் சட்டைக் கையை முன்பக்கமாக மடிப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு எழுதிப் போட மாட்டாளா என்று இன்னொன்று. இரண்டாவது சமாதானம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உண்மைக் காரணம் வேறு. ‘அந்தச் சட்டை கை கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது’ என்று ஒரு வாக்கியம் அவர் மனசில் வந்து உட்கார்ந்துவிட்டது. நல்ல வாக்கியம் வந்துவிட்டால் எழுதுகிறவர்களுக்குக் கண் மண் தெரியாது. ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டச் சொன்னவர் தன் கையாலேயே திறந்தார்.

சட்டை வந்ததும் மீதியெல்லாம் தானாக ஓடிவந்தது. வெளியே மெல்லிய தூறல் போட்டார். பக்கத்துக் கடை ரேடியோவைப் பாட வைத்தார். வீட்டுக்காரர் படித்துவிட்டு, வெயில் மண்டையைப் பிளந்த நாள் என்று நீதானே சொன்னாய், மழை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கதைக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டாமா என்றார் இவர். பூட்டிய சங்கதியைப் பற்றி வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரியாததைப் பற்றி அவர் எப்படிக் கேட்பார்?

புத்தகம் வந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்தச் சட்டையைப் பற்றியே பேசினார்கள். அண்ணன் காதுபட மட்டும் யாரும் பேசவில்லை, செத்தவள் கதையை அவரிடமே எப்படிப் பேசுவது? நூலகத்தில் கூட்டம் போட்டுப் பேசச் சொன்னார்கள். எந்த மனைவியும் எழுதிப் போடவில்லை. அண்ணனுக்கும் ஒரு பிரதி கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நிதானமாகப் படிக்கிறேன் என்றார். மறுவருஷம் அவர்களுடைய தாயார் போய்ச் சேர்ந்தாள். ஊசி மேடம் மாலையோடு போய் நின்றுவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் கழித்து ஒருநாள் காலையில், முன்பு அவருக்குக் கீழே எஸ்.ஐ.யாக இருந்து இப்போது அவர் நாற்காலியிலேயே இன்ஸ்பெக்டராக உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்கு வந்தார். சலவைக்கடையில் சட்டையைப் படம் பிடிக்கும்போது பக்கத்தில் நின்றவர். வீட்டுக்காரர் காபி கொண்டுவர உள்ளே போனதும் சொன்னார்.

“மேடம், ஒருத்தன் சட்டையைச் சொல்றான்.”

சிறையில் திருட்டு வழக்கில் இருக்கிற கைதி. சிறுநீரகம் இரண்டும் கெட்டு மருத்துவமனையில் கிடக்கிறான். சாவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று டாக்டரைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். சலவைக்கடைப் பெண்ணை நான்தான் கொன்றேன், மீதிச் சட்டையைத் தேய்த்துக் கையை முன்னால் மடித்து வைத்தேன் என்றிருக்கிறான். கொலை நடந்த காலத்தில் அந்தக் கடைத்தெருவுக்குப் பின்னால்தான் குடியிருந்திருக்கிறான்.

ஊசி மேடத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம். எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். சலவைக்கடை அண்ணனிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றார். இன்ஸ்பெக்டர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். முனையெல்லாம் மடங்கி, நடுவில் நூல் விட்டுப்போய், முதல் பக்கத்தில் சிறை நூலகத்தின் முத்திரை குத்திய அவருடைய புத்தகம்.

“அவன் தலையணைக்குக் கீழே இருந்துச்சு” என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. காபியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தார். திட்டியிருந்தால் ஊசி மேடத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவனைப் பார்க்க அனுமதி வாங்கித் தர முடியுமா என்று மட்டும் கேட்டார்.

கைதிகள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். ஒரு கணுக்கால் சங்கிலியில் இருந்தது. முகம் வீங்கி, கை மட்டும் குச்சியாக இருந்தவன், இவரைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான். நீங்கள்தான் எழுதினதா என்று கேட்டான். அவன் முகம் முழுக்கச் சந்தோஷம். இதுவரை அவரைச் சந்தித்த வாசகர்கள் எல்லாரும் அதே முகத்தோடுதான் வந்தார்கள்.

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பழைய வேலையை ஆரம்பித்தார். புத்தகத்தில் இல்லாத ஒன்றே ஒன்றை அவன் வாயிலிருந்து எடுத்துவிட்டால் போதும். முன்தினம் ராத்திரி முழுக்கத் தன் அத்தியாயத்தைத் தானே குற்றவாளியை விசாரிப்பது போல வரி வரியாகப் படித்து, எதை விட்டிருக்கிறேன் என்று தேடியிருந்தார். எதையும் விடவில்லை. உயிர் வேண்டும் என்று அத்தனையையும் கொட்டி வைத்திருந்தார். அடுக்கில் எத்தனை தட்டு, சுவரில் என்ன நிறம், தண்ணீர் தெளிக்கிற கிண்ணத்தின் விளிம்பு எங்கே நசுங்கியிருந்தது, எல்லாம் அச்சில் இருந்தது.

“அப்புறம்?” என்றார். அவன் சொன்னான். சொன்னதெல்லாம் அவருடைய வாக்கியங்கள். அவருக்கே மறந்துபோன ஓர் உவமையைக்கூட அவன் ஞாபகமாகச் சொன்னான். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது என்றும் சொன்னான்.

அந்த இடத்தில் அவர் நிறுத்தினார். மழை அவர் போட்டது. பொய் சொல்கிறான், அவ்வளவுதான், எழுந்துவிடலாம். எழுந்திருக்கப் போனபோது அவன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான். இஸ்திரிப்பெட்டி முனை பட்ட பழைய தழும்பு. அன்றைக்குச் சுட்டது என்றான். புத்தகத்தில் அது இல்லை. ஊசி மேடம் எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே நின்ற காவலரிடம் மெதுவாக விசாரித்தார். இவன் சிறைச் சலவைப் பிரிவில்தான் மேடம் நாலைந்து வருஷமாக வேலை பார்த்தான், அங்கே சூடு படாத கை கிடையாது என்றார் காவலர்.

திரும்பி வந்து அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னார். “அன்னைக்கு மழை பெய்யலை.”

அவன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். “பெய்ஞ்ச மாதிரிதான் ஞாபகம் இருக்கு. நிறைய தடவை படிச்சுட்டேன் மேடம். எது நான் பார்த்தது, எது நீங்க எழுதினதுன்னு இப்போ பிரிக்க முடியலை. ஆனா செஞ்சது நான்தான்.”

பொய் சொல்கிற கண்களை ஊசி மேடம் ஆயிரம் பார்த்திருக்கிறார். உண்மை சொல்கிற கண்களையும் பார்த்திருக்கிறார். இந்தக் கண்கள் மஞ்சளாக, களைத்துப்போய், இரண்டில் எதுவாகவும் இருக்கலாம் என்பது போல அவரையே பார்த்தன. சாகப்போகிறவனுக்குச் செய்யாத ஒரு கொலை எதற்கு என்று ஒரு மனசு சொன்னது. ஒன்றுமில்லாமல் வாழ்ந்தவனுக்குச் சாகும்போதாவது புத்தகத்தில் இடம் வேண்டாமா என்று இன்னொரு மனசு சொன்னது.

அரசு வழக்கறிஞர் ஒரே வரியில் முடித்தார். அச்சில் வந்ததை ஒப்பிக்கிறவன்மேல் வழக்கு நிற்காது. அவனும் யாருக்கும் சிரமம் வைக்காமல் அந்த மாசமே செத்துப்போனான். கட்டு மறுபடி அலமாரிக்குப் போயிற்று.

ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? மருத்துவமனையிலிருந்து யாரோ சொல்லி, ஒருத்தன் சட்டையைச் சொல்லிக் கொலையை ஒப்புக்கொண்டான் என்று சலவைக்கடை வரைக்கும் செய்தி போய்விட்டது. அதைக் கேள்விப்பட்டதும் ஊசி மேடம் செருப்பை மாட்டினார். வீட்டுக்காரர் கூட வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இது நான் தனியாகப் போக வேண்டிய இடம் என்றார். போய் மன்னிப்புக் கேட்பது என்று தீர்மானம்.

அண்ணன் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. இவரைக் கண்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவர் சிரித்து ஊசி மேடம் இதுவரை பார்த்ததில்லை. முன்பல் ஒன்று இல்லை என்பதே அன்றுதான் தெரிந்தது.

“நான் யார்கிட்டயும் சொல்லலை மேடம். பொண்டாட்டிகிட்டகூட சொல்லலை. அதனாலதானே அவன் மாட்டினான்?”

ஊசி மேடம் ஸ்டூலில் உட்காரவில்லை. புத்தகத்தைப் படித்தீர்களா என்று கேட்டார். அண்ணன் கூச்சத்தோடு மேல்தட்டைக் காட்டினார். துணி சுற்றுகிற பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு வைத்திருந்தார். தங்கச்சி இருக்கிற பக்கத்தைத் திறக்க மனசு வரவில்லை மேடம், தப்பாக நினைக்காதீர்கள் என்றார்.

ஊசி மேடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சட்டையை எழுதியதை, சிறை நூலகத்தை, மழையை, தழும்பை. அலங்காரம் ஒன்றுமில்லாமல் பழைய ரிப்போர்ட் மாதிரி சொன்னார். சொல்லச் சொல்ல அண்ணன் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கிப் போவதை அவர் பார்க்க வேண்டியிருந்தது.

“அவனா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“தெரியலை.”

“உங்களுக்கேவா?”

“தெரிஞ்சுக்க ஒரே ஒரு வழிதான் இருந்துச்சு. அதை நான் எழுதிட்டேன்.”

அண்ணன் மேஜைமேல் கிடந்த சட்டையின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். கோபப்படுவார் என்று ஊசி மேடம் எதிர்பார்த்தார். கோபப்பட்டால் காலில் விழுந்துவிடலாம் என்றுகூட இருந்தது. அவர் வேறு என்னவோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா இருக்கும்போதே புத்தகம் வந்துடுச்சு, இல்லையா?”

ஆமாம் என்றார் ஊசி மேடம்.

“அம்மா தினமும் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. கடைசியா என் பொண்ணு என்ன பண்ணிக்கிட்டிருந்தாடா, சொல்லுடான்னு. தெரியாதும்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். சாகற அன்னைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டு கேட்டாங்க. அப்பவும் தெரியாதுன்னுதான் சொன்னேன்.”

அண்ணன் மேல்தட்டில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

“ஊரே படிச்சிருக்கு மேடம். எங்க அம்மாவுக்கு மட்டும்தான் தெரியாம போயிடுச்சு.”